இழுப்பறைக்குப் பரிகாரம்

மெட்டா அனாலிசிஸ் கட்டுரைகளில் ஒரு வரி அடிக்கடி வரும்: ‘பதிப்புச் சார்பு சோதிக்கப்பட்டது, ட்ரிம் அண்ட் ஃபில் முறையில் திருத்திய பிறகும் முடிவு மாறவில்லை.’ தோஷத்துக்குப் பரிகாரம் பண்ணியாச்சு, இனி கல்யாணத்தைப் பேசலாம் என்கிற ஜோசியர்தான் எனக்கு நினைவுக்கு வருவார்.

டூவலும் ட்வீடியும் 2000இல் வெளியிட்ட முறை இது. ஆய்வுகளைப் புள்ளிகளாக வைத்தால் கவிழ்த்த புனல் மாதிரி வர வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால், எதிர்ப்பக்கப் புள்ளிகளைக் கண்ணாடி பிம்பமாக இங்கே நட்டு, சராசரியைத் திரும்ப எடுப்பார்கள். யாருமே செய்யாத ஆய்வுகள்! பத்திரிகைகள் சமச்சீர் பார்த்தா வடிகட்டுகின்றன? பி மதிப்பு 0.05க்குக் கீழே இருக்கிறதா என்றுதானே பார்க்கின்றன.

மனவுறுதி செலவழித்தால் தீர்ந்துபோகும் என்றொரு கொள்கை. 2010இல் 198 சோதனைகளைத் தொகுத்து விளைவு 0.62 என்றார்கள். 2014இல் கார்ட்டரும் மெக்கல்லோவும் வேறொரு திருத்த முறையைப் போட்டார்கள். விளைவைப் பூஜ்யத்திலிருந்து பிரித்துக் காட்ட முடியவில்லை. அந்த முறையே சரியில்லை என்று இன்னொரு தரப்பு சண்டைக்கு வந்தது. அதே தரவு, ஆளுக்கொரு பதில். கடைசியில் 23 ஆய்வகங்கள், திட்டத்தை முன்கூட்டியே பதிவுசெய்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்து பார்த்தன. 2016இல் வந்த எண் 0.04.

தேர்வு மாதிரிகள் பரவாயில்லை. எது அச்சேறும், எது ஏறாது என்ற ஊகத்தை வெளிப்படையாக எழுதிவிட்டுக் கணக்குப் போடுகின்றன. ஆனாலும் ஊகம் ஊகம்தான்.

டர்னர் குழு 2008இல் என்ன செய்தது? 12 மனச்சோர்வு மருந்துகள், 74 ஆய்வுகள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் கோப்புகளைத் திறந்து, அச்சில் வந்தவற்றோடு ஒப்பிட்டார்கள். அச்சில் 94 சதவீதம் வெற்றி, கோப்பில் 51. தேறாத 36 ஆய்வுகளில் 22 அச்சாகவே இல்லை. 11 வெற்றி வேஷம் கட்டி வந்தன. சூத்திரம் இல்லை சார், கோப்பு. ஆய்வைத் தொடங்கும் முன்பே பதிவுசெய்யச் சொல்லுங்கள், முடிவைப் போடாதவருக்கு அடுத்த நிதியை நிறுத்துங்கள் என்று கேட்டால் மட்டும் ‘நடைமுறைச் சிக்கல்’ என்கிறார்கள்.

எனக்கு இதில் ஒரு குற்றவுணர்வும் உண்டு. முந்தைய கம்பெனியில் ஏழு ஏ/பி சோதனை ஓட்டி, ஜெயித்த ரெண்டை மட்டும் ஸ்லைடில் போட்டவன் நான். அந்த ரெண்டை வைத்து மீதி ஐந்தை எந்தச் சூத்திரம் மீட்கும்? ‘மத்ததெல்லாம் எங்கப்பா?’ என்று ஒருத்தர் கேட்டிருந்தால் ஃபோல்டரைத் திறந்து காட்டியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.