பட்டை கூட்டினால் பலம் கூடுமா?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குச் சிமென்ட் ஏற்றிப்போய், பலாவும் புளியுமாக இறங்கும் வண்டிகளுக்கென்றே பட்டறைகளில் ஒரு வைத்தியம் உண்டு: “ஆக்ஸில் ஹவுசிங்குக்குத் தடியா பிளேட் வச்சு வெல்டு அடி, ஸ்பிரிங் பட்டை ரெண்டு கூட்டு, அசையாது. ஷாக் அப்சார்பரெல்லாம் சொகுசுக்குத்தான்.” கால் மைல், அதாவது 402 மீட்டர் சீறும் டிராக் கார்களுக்கும் பலர் இதையே சொல்கிறார்கள். இரண்டுக்கும் இது பொருந்தாது.

தடிமன்தான் பலமா? அடிக்கோலைப் படுக்கவைத்து வளைத்தால் வளைகிறது; நிமிர்த்திப் பிடித்தால் மறுக்கிறது. இரும்பு அதேதான், உயரம்தான் வேறு. ஹவுசிங்மேல் பட்டை அமரும் ஓரிடத்திலிருந்து மறு இடம்வரை உயரமாக நிற்கும் சட்டம், வயிற்றில் ஒட்டிய தடிப் பிளேட்டைவிடக் குறைந்த இரும்பில் நன்றாகத் தாங்கும். பாதியில் நின்றுவிடும் பிளேட்டின் முனையில்தான் விரிசல் பிறக்கும்.

நீளமாக இழுத்த வெல்டு நல்லதா? வெல்டு ஆறும்போது சுருங்கும்; சுருங்கும் பக்கம் ஹவுசிங் குழாயையும் இழுக்கும். அந்தக் கோணல் கண்ணுக்குத் தெரியாது. பேரிங்கும் ஆயில் சீலும் சீக்கிரம் போகும்போதுதான் தெரியும். துண்டு துண்டாக, பக்கம் மாற்றி, ஆறவிட்டு, நேர் பார்த்துக்கொண்டே வைக்க வேண்டும். ஹவுசிங்கின் நடுக்கூடு வார்ப்பிரும்பானால் சாதாரண ராடு வேலைக்காகாது.

ஷாக் சொகுசுக்கா? பட்டை சுமையைத் தாங்கும். துள்ளலை அடக்குவது ஷாக். அதைச் சாய்த்து மாட்டினால் வேலை குறையும்: செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்தால் முக்கால் பங்கு, 45 டிகிரியில் பாதிதான் மிஞ்சும். முதல் கியரில் இழுக்கும்போது ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு உதறும். அந்த உதறலை அடக்கத்தான் 1968 செவர்லே கமாரோவில் ஒரு ஷாக்கை ஆக்ஸிலுக்கு முன்னும் மற்றதைப் பின்னும் வைத்தார்கள். பட்டையைக் கூட்டிவிட்டுப் பழைய ஷாக்கை அப்படியே விட்டால், சுமையில்லாமல் இறங்கும் நாளில் வண்டியின் பின்சக்கரம் கொண்டை ஊசி வளைவில் தரையைவிட்டுத் துள்ளும். துள்ளும் சக்கரத்தில் பிரேக் பிடித்து என்ன பயன்?

பந்தயக் காருக்கு ஹவுசிங்கை முறையாக வலுப்படுத்துவது அவசியம்தான். ஆனால் அந்தக் கார் சாலைக்கு வருவதில்லை. சாலை வண்டியில் ஆர்.சி.யிலுள்ள விவரத்துக்கு மாறாக மாற்றம் செய்வதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆகவே மலைக்குப் போகிறவர் முதலில் சுமையைக் குறைக்கட்டும். அடுத்து ஷாக்கைப் பார்க்கட்டும். வெல்டிங் ராடு கடைசியில் எடுக்க வேண்டியது.