பழைய டிராக்டரை எடைக்குப் போடும் முன்



கிணற்றில் பாறை உடைக்கப் போகும் கம்ப்ரசர் டிராக்டர்கள் நம் பக்கம் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. கேட்டால், "ஸ்பேர் கிடைக்கறதில்லை சார்" என்கிறார்கள். என் கருத்து வேறு. பல நேரம் ஸ்பேர் கிடைக்கிறது. எந்த ஸ்பேர் என்று கேட்கத்தான் தெரியவில்லை. "பழைய மாசி வண்டி, பின்னாடி இருக்கிற பேரிங்" என்று போட்டோ அனுப்பினால் கடைக்காரர் என்ன செய்வார்?

மாடல் பெயர் மட்டும் போதாது. இங்கிலாந்தில் மாசி பெர்குசன் 35 முதலில் நான்கு சிலிண்டர் ஸ்டாண்டர்டு டீசல் எஞ்சினோடு வந்தது. பிறகு அதே 35, மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சினோடு வந்தது. பெயர் ஒன்று, பிஸ்டன் வேறு. ஆகவே எஞ்சினில் இருக்கும் எண்ணைத் துடைத்துப் படியுங்கள். பெர்கின்ஸ் 3.152 என்றால் மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம், அதாவது சுமார் இரண்டரை லிட்டர். எண்ணே விவரம் சொல்கிறது.

பேரிங்கும் அப்படித்தான். 6305, 6206 இரண்டுக்கும் வெளிவிட்டம் 62 மி.மீ. கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும். கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்குங்கள்: ஒன்றின் துளை 25, மற்றதன் துளை 30. ஆயில் சீலில் 35-52-7 என்றிருந்தால் ஷாப்ட், வெளிவிட்டம், அகலம். அரை அங்குல போல்ட்டில் ஒரு அங்குலத்துக்கு 12 மரை, 13 மரை, 20 மரை எனப் பல வகை உண்டு. 12 மி.மீ. போல்ட்டை அதில் திணித்தால் மரை போய்விடும்.

"வேலை நேரத்தில் இதையெல்லாம் யார் பார்ப்பது?" என்பீர்கள். டீசல் துணியால் துடைத்து எண் பார்க்கப் பத்து நிமிடம். தவறான பாகம் வாங்கினால் டவுனுக்கு இரண்டு நடை, ஒரு நாள் வேலை போச்சு. டிரைவருக்கும் பாறையில் துளை போடும் ஆட்களுக்கும் அன்று கூலி இல்லை.

உண்மையிலேயே கிடைக்காத பாகமும் உண்டு. அதற்கு லேத் பட்டறை இருக்கிறது. ஆனால் உடைந்த பழையதைத் தூக்கி எறிந்துவிட்டால் அளவு எடுப்பது எப்படி? பிரேக், ஸ்டீயரிங் பாகங்களில் மட்டும் ஒட்டு வேலை வேண்டாம். அங்கே உயிர் இருக்கிறது.

அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அந்த அறிவு அவர்களோடு போய்விடக் கூடாது. ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகளே, வண்டிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுங்கள். எஞ்சின் எண், மாற்றிய பேரிங், சீல், பில்டர் எண், தேதி எல்லாம் எழுதி டூல்பாக்ஸில் வையுங்கள். அடுத்து அந்த வண்டியைத் திறப்பவர் உங்களை வாழ்த்துவார்.

உங்களிடம் பழைய வண்டி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே முதல் பக்கத்தை எழுதிவிடுங்கள்.