எருதை மறித்தது யார்?

தை பிறந்துவிட்டால் ஓசூர், சூளகிரி, வேப்பனப்பள்ளி, பர்கூர்ப் பக்கமெல்லாம் ஜல்லிக்கட்டின் ஒரு வகையான எருது விடும் விழாப் பேச்சுத்தான். எந்த ஊரில் என்றைக்கு, முதல் பரிசு என்ன, யார் வீட்டுக் காளை வருகிறது என்று உற்சாகமாகத் தொடங்கும் பேச்சு, ‘அனுமதி கிடைத்ததா?’ என்ற கேள்வி வந்ததும் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொள்ளும்: “எல்லாம் பீட்டாக்காரன் வேலை.”

இந்த ஒரு வரிக்குள் ஒரு குற்றப்பத்திரிகையே அடங்கியிருக்கிறது. விலங்குரிமை பேசுகிறவர்கள் வெளிநாட்டுக் கைக்கூலிகள், நம் விழாவை மட்டும் குறிவைப்பவர்கள், நாட்டு மாட்டை ஒழிக்க வந்தவர்கள், கோழியைப் பற்றி வாய் திறக்காதவர்கள், விளம்பர நாடகக்காரர்கள் என்று பட்டியல் நீளும். மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் உறுதி. கைதட்டல் கிடைத்துவிட்டதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது.

விழா நடக்கக் கூடாது என்று வாதாட நான் வரவில்லை, நடக்கட்டும். ஆனால் தப்பான ஆளைக் காட்டிக்கொண்டே இருந்தால் சரியான கேள்வியை யாரிடமும் கேட்க முடியாமல் போகும். அதனால் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. “தடை வெளிநாட்டிலிருந்து வந்தது”

பீட்டா 1980-இல் அமெரிக்காவில் தொடங்கிய விலங்குரிமை அமைப்பு. அதன் இந்தியக் கிளை 2000-இல் வந்தது. ஜல்லிக்கட்டு வழக்கில் அது ஒரு தரப்பு என்பதும் உண்மை. ஆனால் வழக்கு முளைத்த மண் நம்முடையது. 2006-இல் ரேக்ளா எனும் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு அனுமதி கேட்டு ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். அந்த மனுவை விசாரித்த நீதிபதி ஆர். பானுமதி, ரேக்ளாவோடு ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடை செய்தார். ஜல்லிக்கட்டில் மகனைப் பறிகொடுத்த தந்தை ஒருவரும் அந்த வழக்கில் தன்னைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தந்தையையும் கைக்கூலி என்பார்களா?

பிறகு உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடிய முதன்மை மனுதாரர் இந்திய விலங்கு நல வாரியம். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி 1962-இல் நடுவண் அரசு அமைத்த சட்டபூர்வ அமைப்பு அது. பல பத்தாண்டுகள் அதன் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. முதல் தலைவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான், நேரு அளித்த வாக்குறுதியின் பேரில் திரும்பப் பெறப்பட்டு, பின்னர் அரசே இயற்றிய 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிவிட்டது. ‘வெளிநாட்டுச் சட்டம்’ என்று நாம் திட்டுகிற சட்டத்தின் பூர்வீகம் இதுதான்.

2. “தமிழர் விழாவை மட்டும் குறிவைத்தார்கள்”

ஜூஜூவாடி எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்குள் நுழைந்து கேட்டாலே இந்த வாதம் உடைந்துவிடும். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, ஜல்லிக்கட்டோடு மகாராஷ்டிரத்தின் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் நிறுத்தியது. 2016 நவம்பரில் பீட்டாவின் மனுவை ஏற்றுக் கர்நாடக உயர் நீதிமன்றம் கம்பளாவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கடலோரக் கர்நாடகத்தில் சேற்று வயலில் எருமை ஓட்டும் கம்பளாக்காரர்களும் அப்போது இதையேதான் சொன்னார்கள்: “எங்கள் மரபை மட்டும் குறிவைக்கிறார்கள்.” மூன்று மாநிலங்களும் தனித்தனியே சட்டத்தைத் திருத்திக்கொண்டன. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்த மூன்று சட்டங்களையும் ஒரே தீர்ப்பில் செல்லும் என்று ஏற்றுக்கொண்டது. வழக்கு தொடுத்தவர்கள் மொழி பார்த்துத் தொடுக்கவில்லை என்பதற்கு அந்தத் தீர்ப்பே சாட்சி.

3. “நாட்டு மாட்டை ஒழிப்பதுதான் உள்நோக்கம்”

ஜல்லிக்கட்டு நின்றால் காளை நிற்காது, காளை போனால் நாட்டு இனமே போகும் என்பது 2017-இன் ஜல்லிக்கட்டுப் போராட்டமான தைப் புரட்சியில் ஊர்தோறும் ஒலித்த வாதம். கேட்க நியாயமாக இருக்கும். கணக்குதான் ஒத்துழைக்கவில்லை. 2019-ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி, 2012-க்கும் 2019-க்கும் இடையில் நாட்டு மாடுகள் இந்திய அளவில் சுமார் 6 விழுக்காடு குறைந்தன. அதற்கு முந்தைய 2007–2012 காலத்தில் குறைந்ததோ சுமார் 9 விழுக்காடு. அதாவது, காட்சிக்குப் பயன்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் காளையைச் சேர்த்த 2011 ஜூலைக்கு முன்பே வீழ்ச்சி வேகமாக நடந்துகொண்டிருந்தது. ஏறு தழுவுதல் என்றால் என்னவென்றே தெரியாத மாநிலங்களிலும் நடந்தது.

காரணம் தேட அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தின் சொந்த இனம் ஆலம்பாடி. உழவுக்கும் பாரம் இழுப்பதற்கும் பேர்போன மாடு. டிராக்டர் வந்ததும் உழவு போனது. டெம்போ வந்ததும் பாரம் போனது. சொசைட்டியில் லிட்டர் கணக்கில் பால் ஊற்ற வேண்டியவர் ஜெர்சியையும் எச்.எஃப். கலப்பையும் தேடிப் போனார். சினை ஊசி வீட்டு வாசலுக்கே வந்தபின் ஊருக்கு ஒரு பொலிகாளை எதற்கு என்றானது. மேய்ச்சல் நிலம் சிப்காட்டாகவும் மனைப்பிரிவாகவும் ரோஜாப் பசுங்குடிலாகவும் மாறியது. இதில் எதையும் பீட்டா செய்யவில்லை. எல்லாவற்றையும் அரசுக் கொள்கையும் சந்தையும் செய்தன. நாமும் கையெழுத்துப் போட்டோம். ஆண்டுக்குச் சில நாள் ஓடும் காளையை வைத்து ஓர் இனத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்புவது, ஆலம்பாடிக்கு நாம் செய்ய வேண்டிய உண்மையான வேலையைத் தள்ளிப்போடவே உதவும்.

4. “கோழிக்கும் ஆட்டுக்கும் பேசமாட்டார்கள்”

பேசியிருக்கிறார்கள், நம் காதில் விழவில்லை. முட்டைக் கோழிகளைக் கம்பிக் கூண்டில் அடைப்பதற்கு எதிராக அவர்கள் நடத்திய வழக்குகளின் தொடர்ச்சியாகத்தான் 2017 ஜூலையில் சட்ட ஆணையம் தன் 269-ஆவது அறிக்கையில் கோழி வளர்ப்பு விதிகளைப் பரிந்துரைத்தது. முட்டைக் கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன நாமக்கல் அதை நன்றாக அறியும். அழகுசாதனப் பொருள்களை விலங்குகள்மீது சோதிப்பது 2014-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டதும் இந்த வகை இயக்கங்களின் நெடுநாள் முயற்சியால்தான்.

மாட்டு லாரிகளைப் பற்றியும் அவர்கள் பேசுகிறார்கள். ஒரு சரக்கு வாகனத்தில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கிறது 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதி. சந்தை நாளில் நம் நெடுஞ்சாலையில் போகும் லாரிகளை எண்ணிப் பார்த்தவர்களுக்கு அந்த விதி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும்.

5. “பசுக் காவலர்களும் இவர்களும் ஒன்றுதான்”

கர்நாடக எல்லையோரத்தில் கேட்கும் குற்றச்சாட்டு இது, ஆபத்தானதும் இதுதான். கர்நாடகத்தின் 2020-ஆம் ஆண்டு மாட்டுக்கொலைத் தடைச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து மாடு ஏற்றி வருவதே துணிச்சலான தொழிலாகிவிட்டது. 2023 மார்ச் இறுதியில் ராமநகர மாவட்டம் சாத்தனூரில் மாடு ஏற்றி வந்த வாகனம் மறிக்கப்பட்டது. அதில் வந்த வியாபாரி ஒருவர் பிணமாகக் கிடந்தார். பசுப் பாதுகாவலர் என்று சொல்லிக்கொண்டவர்கள் கைதானார்கள்.

மறித்தவர்களுக்கு மாட்டின் வலி ஒரு பொருட்டல்ல. மாடு யார் கையில் போகிறது என்பதுதான் பொருட்டு. விலங்குரிமைக்காரர் எருமைக்கும் கோழிக்கும் நாய்க்கும் ஒரே நியாயத்தைக் கேட்கிறார். கேட்பதையும் மனுவாக எழுதிக் கேட்கிறார். கையில் கோப்பு வைத்திருப்பவரையும் தடி வைத்திருப்பவரையும் ஒரே தட்டில் வைத்தால் லாபம் தடிக்காரருக்குத்தான். இந்த வேறுபாட்டை விலங்குரிமை அமைப்புகளும் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு முறையும் அவர்கள்மேல் உள்ள சந்தேகம் வளர்கிறது.

6. “அவர்கள் செய்வது வெறும் நாடகம்”

பாதி உண்மை. கூண்டுக்குள் உட்கார்வது, உடம்பில் சாயம் பூசிக்கொள்வது, நடிகரை வைத்துச் சுவரொட்டி அடிப்பது எல்லாம் அவர்களின் பழகிய உத்திகள். எல்லை மீறியதும் உண்டு. பண்ணை விலங்குகளை நாஜி வதைமுகாம் கைதிகளோடு ஒப்பிட்டுப் பீட்டா நடத்த முயன்ற பிரசாரத்தை ஜெர்மன் நீதிமன்றங்கள் தடுத்தன. அந்தத் தடை செல்லும் என்று 2012-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் சொன்னது. இங்கேயும் காளை வளர்ப்பவர் எல்லாரையும் வதைகாரர்போலப் பேசிய அலட்சியத்துக்கு அவர்கள் 2017-இல் விலை கொடுத்தார்கள். பிள்ளைக்கு முன்னால் காளைக்குத் தீனி வைக்கும் வீட்டில் போய் அப்படிப் பேசினால் யார் கேட்பார்கள்?

ஆனால் வழக்கை வென்றது நாடகமில்லை. வாரியத்தின் அனுமதியோடு களத்துக்குப் போன பார்வையாளர்கள் பல ஆண்டுகள் படம் எடுத்தார்கள், குறிப்பு எழுதினார்கள். வாலை முறுக்குவது, கடிப்பது, மூக்கணாங்கயிற்றைச் சுண்டி இழுப்பது என்று அவர்கள் தந்த அறிக்கைகளைத்தான் 2014 தீர்ப்பு எடுத்து அடுக்கியது. அவர்கள் ஏன் விளம்பரத்தையும் நாட வேண்டியிருக்கிறது என்பதற்குச் சட்டத்திலேயே விடை உண்டு. விலங்கை வதைத்தால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1960-இல் எழுதிய தொகை பல பத்தாண்டுகளாக அப்படியே கிடக்கிறது. ஒரு டீ, வடைக் காசுக்கு முடிந்துவிடும் குற்றத்துக்கு யார் பயப்படுவார்கள்? தண்டனை கூசவைக்காத இடத்தில் செய்தித்தாளை வைத்துக் கூசவைக்கப் பார்க்கிறார்கள்.

நாடகம் என்று குறை சொல்லும் நாமும் சளைத்தவர்கள் இல்லை. மெரினாவில் லட்சக்கணக்கானோர் கூடி உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தது பெரும் காட்சிதான். அதன் விளைவாக 2017 ஜனவரி 21 அன்று அவசரச் சட்டமும், 23 அன்று சட்டமன்றத்தில் மசோதாவும் வந்தன. கூட்டம் கூட்டுவதும் கேமராவுக்கு முன் நிற்பதும் நீதிமன்றம் போவதும் ஜனநாயகத்தில் இரு தரப்புக்கும் பொதுவான வழிகள். நாம் செய்தால் புரட்சி, அவர்கள் செய்தால் சதி என்றால் அது நியாயமாகாது.

7. “இன்றைக்கும் விழாவைத் தடுப்பது அவர்கள்தான்”

2023 பிப்ரவரி 2-ஆம் தேதி நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். ஓசூர் அருகே கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானது என்று கூட்டம் கிருஷ்ணகிரி – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை மணிக்கணக்கில் மறித்தது. பேருந்துகள்மீது கல் விழுந்தது, போலீஸ் தடியடி நடத்தியது, பலர் கைதானார்கள். அன்றைய சண்டை ஓர் அனுமதிக் கடிதத்துக்காக. எதிரே நின்றது மாவட்ட நிர்வாகம்.

அந்த அனுமதி முறையை விதித்தது யார்? நாம் போராடி வாங்கிய சட்டம்தான். 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம், ஜல்லிக்கட்டு என்ற சொல்லுக்குள் மஞ்சுவிரட்டு, வடமாடு ஆகியவற்றோடு எருது விடும் விழாவையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதோடு ஜனவரி முதல் மே வரை, அரசு அறிவிக்கும் நாளில், அறிவிக்கும் இடத்தில் என்ற வரம்பையும் வைத்தது. ஆட்சியரிடம் முன்கூட்டி விண்ணப்பம், இடத்தைப் பார்வையிடுதல், மாட்டுக்கு மருத்துவச் சோதனை, பார்வையாளருக்குத் தடுப்பு எல்லாம் தமிழக அரசு தன் கையால் எழுதிய விதிகள். உச்ச நீதிமன்றம் 2023-இல் இந்தச் சட்டத்தை ஏற்றதே இந்த விதிகளை நம்பித்தான். அவற்றைக் கண்டிப்பாக நிறைவேற்றும் பொறுப்பை மாவட்ட நிர்வாகத்தின் தலைமேல் வைத்ததும் அதே தீர்ப்புத்தான்.

தீர்ப்போடு விலங்குரிமைக்காரரின் வேலை முடிந்துவிட்டது என்று சொல்வதும் இதனாலேயே தவறு. விதி காகிதத்தில் இருக்கிறதா, களத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒருவர் வேண்டும். தெற்கே காளையை அவிழ்த்துவிட வாடிவாசல் உண்டு, காளைக்கும் ஆளுக்கும் ஓரளவு எல்லை உண்டு. நம் பக்கத்தில் கொம்பில் தட்டி கட்டிய காளை, இருபுறமும் நெருக்கிய கூட்டத்துக்கு நடுவே தெருவில் பாய்கிறது. தடுப்பு சரியாக இல்லாவிட்டால் முதலில் குத்துப்படுவது வேடிக்கை பார்க்க வந்த பிள்ளை. அடுத்தது மிரண்டு விழும் மாடு. இருவருக்காகவும் அதே விதிதான் பேசுகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது: விலங்குரிமைக்காரரின் தொனியைக் கண்டியுங்கள், மிகையைக் கண்டியுங்கள், கிராமத்தோடு பேசத் தெரியாத குறையைக் கண்டியுங்கள். சதி என்று மட்டும் சொல்லாதீர்கள். அதற்குச் சான்று இல்லை. விழாக் குழுக்கள் தை பிறக்கும் முன்பே விண்ணப்பம் கொடுக்கட்டும். ஆட்சியர் அலுவலகம் விழாவுக்குப் பல நாள் முன்பாகவே ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று காரணத்தோடு எழுத்தில் சொல்லட்டும். வாரியத்தின் பார்வையாளர் கேமராவோடு வந்தால் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். காளையைத் துன்புறுத்தவில்லை என்ற உறுதி நமக்கு இருக்குமானால், அந்தக் கேமராவைவிட நல்ல சாட்சி நமக்கு வேறில்லை.