புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் தேகத்தையும் மனத்தையும் ஆயத்தம் செய்விக்க வேண்டி: கோரிக்கை மனு

பேராக் மாநிலச் சுகாதார இலாகா இயக்குநர் அவர்களின் சமுகத்திற்கு, ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா வட்டாரங்களின் முன்னாள் ரப்பர் தோட்டக் குடும்பங்களைக் கொண்ட எங்கள் சங்கத்தார் பணிவுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்.

பெருந்தகையீர்,

புற்றுநோய் என்று நிச்சயமான நாளுக்கும் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் இடையே, பரிசோதனைகளுக்காகவும் முறை வருவதற்காகவும் காத்திருந்து கழிகின்ற வாரங்களைப் பற்றியே இம்மனு. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், நிரை நிரையாகப் பால்மரம் வெட்டி, தோளில் காண்டாக் கம்பு அழுந்த வாளி சுமந்து நடந்த ஒரு தாயை, நோயின் பெயர் காதில் விழுந்த கணமே, “ஒன்னும் செய்ய வேணாம்மா, படுத்துக்குங்க” என்று பிள்ளைகள் பாசத்தால் படுக்க வைத்துவிடுகின்றனர். பசி குன்றி, தசை வற்றி, மனமும் கலங்கிய பின்னரே அவர் அறுவைக் கூடத்தை அடைகிறார். அப்பிள்ளைகளைக் குறைகூற எங்களுக்கு மனமில்லை. வேறு வழி உண்டென்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை என்பதே எங்கள் விசனம்.

அவ்வழியைக் கனடாவின் மான்றியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழக வைத்தியர்கள் நெடுநாள் ஆராய்ந்து வகுத்திருக்கின்றனர். தேகாப்பியாசம், புரதம் மிகுந்த ஆகாரம், மனத்தைத் தேற்றும் பயிற்சி ஆகிய மூன்றையும் அறுவைக்கு முன்பே அளிப்பது அம்முறை. பெருங்குடல் புற்றுநோயாளர் 251 பேரிடம் பல நாட்டு மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வில், 4 வாரம் இவ்வாறு ஆயத்தமானவர்களில் 100க்கு 17 பேருக்கே அறுவைக்குப் பின் கடுமையான சிக்கல் நேர்ந்தது. ஆயத்தமின்றிச் சென்றவர்களிலோ ஏறக்குறைய 30 பேருக்கு நேர்ந்தது. மலேசியாவில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றும் ஒன்றாதலால், இவ்வித்தியாசத்தை அயல்நாட்டுச் செய்தியென்று ஒதுக்க எங்களால் இயலவில்லை. மருந்துச் சிகிச்சைக்கு முன் இம்முறை அளிக்கும் பயனைக் குறித்து ஆராய்ச்சி இன்னும் நடைபெறுகிறது. ஆயினும் அறுவைக்குச் செல்வோரைக் காத்திருக்கச் செய்ய அது காரணமாகாது.

ஆகவே, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் நோய் உறுதியான அன்றே, இருதயத்தின் வலிமை, இரத்தசோகை, எலும்பில் நோய் பரவியுள்ளதா என்பன போன்றவற்றைக் கவனித்து, பிசியோதெரபி வல்லுநர் ஒருவர் நோயாளி ஒவ்வொருவருக்கும் ஏற்ற அப்பியாசத்தை வகுத்தளிக்குமாறு ஆணையிட வேண்டுகிறோம். சற்றே மூச்சு வாங்குமளவு நடப்பதும், கைபிடியாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதும், ஆழ்ந்து மூச்சிழுப்பதும் எத்தகைய சாதனமும் வேண்டாதவை. இதன் பொருட்டு அறுவையின் தேதி ஒருநாளும் தள்ளிப்போகலாகாது.

தோட்டங்கள் செம்பனைக் காடாகவும் தாமான் குடியிருப்புகளாகவும் மாறிவிட்ட இடங்களிலிருந்து அடிக்கடி ஈப்போவுக்குப் பிரயாணம் செய்வது முதியோருக்குக் கஷ்டம். உடன்வரும் மகளுக்கோ ஒருநாள் கூலி நஷ்டம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தில் 2019 முதல் ஊர் உடற்பயிற்சி நிலையங்களிலேயே இச்சேவை இலவசமாக நடைபெறுவதுபோல, இங்கும் அந்தந்த ஊரின் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் பயிற்சி தொடர வேண்டும். அங்கு இடம் போதாவிடில் மண்டபங்களை ஏற்பாடு செய்வதும், அழைத்து வருவதற்குத் தொண்டர்களைத் தருவதும் எங்கள் பொறுப்பு.

மலாயில் கேட்கும் கேள்விக்கெல்லாம் தலையசைத்துவிட்டு, அச்சத்தை உள்ளத்திலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்பும் பாட்டிகள் எங்களிடையே பலர். அவர்களோடு தமிழில் பேசும் ஆலோசகர் ஒருவரையும், பருப்பு, முட்டை, மீன் முதலிய எங்கள் ஆகாரத்தை ஒட்டிய தமிழ்க் கைப்பிரதியையும் வேண்டுகிறோம். இவ்விரண்டையும் நாங்கள் உபசாரமாகக் கருதவில்லை, சிகிச்சையின் அங்கமாகவே கருதுகிறோம்.

முதற்கண் ஒரு சுகாதார நிலையத்திலேனும் இதனைத் தொடங்குவது குறித்து நேரில் விளக்க, எங்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு நாள் குறித்தருளுமாறு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
சங்கத்தின் செயற்குழுவினர்,
ஈப்போ.