வங்குரோத்தும் பிள்ளைகளின் தாபரிப்புப் பணமும்

மொன்றியல் தீவின் வடக்கே, ஆற்றைக் கடந்ததும் வரும் லவால் நகரில் பல தமிழ்க் குடும்பங்கள் வீடு வாங்கிக் குடியேறியுள்ளன. வீட்டுக் கடன், கடனட்டைக் கடன், கட்டாமல் விட்ட சீட்டு, ஊருக்கு அனுப்புவதற்கெனக் கைமாற்றாக வாங்கிய பணம் என்று சுமை ஏறிய வீட்டில் மணமுறிவும் சேர்ந்துகொள்ளும்போது, ஒரு பேச்சு எழுவதுண்டு: "வங்குரோத்து அடித்தால் எல்லாம் போய்விடும்." அந்த "எல்லாம்" என்பதற்குள், பிரிந்து வாழும் பிள்ளைகளுக்குச் செலுத்தாமல் விட்ட தாபரிப்புப் பணமும் அடங்கும் என நம்பும் தந்தையர் உளர். அவ்வாறே நம்பி, கேட்பதையே கைவிட்டுவிடும் தாய்மாரும் உளர் என்பதுதான் அதனினும் கவலைக்குரியது.

அது அடங்காது. கனடாவின் வங்குரோத்துச் சட்டத்தின் 178ஆம் பிரிவு, கடனாளி விடுவிக்கப்பட்ட பின்னரும் அழியாத கடன்கள் எவை என்பதைக் கூறுகின்றது. நீதிமன்றம் விதித்த தண்டப்பணம், மோசடியால் விளைந்த கடன் ஆகியவற்றோடு துணைக்கும் பிள்ளைக்கும் உரிய தாபரிப்புக் கடனும் அங்கே வைக்கப்பட்டுள்ளது. கடனட்டை நிறுவனம் வெறுங்கையோடு திரும்பலாம். பிள்ளை திரும்ப வேண்டியதில்லை.

1997இல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் இதனை மேலும் வலுப்படுத்தின. வங்குரோத்துக்கு முந்திய ஓராண்டில் சேர்ந்த தாபரிப்பு நிலுவைக்குச் சாதாரணக் கடன்காரர்களுக்கு முன்பாகப் பங்கு கிடைக்கும். ஏனைய கடன்காரர்களைத் தடுத்து நிறுத்தும் தடையும் தாபரிப்பைப் பெரிதும் கட்டுப்படுத்துவதில்லை; பொறுப்பாளரிடம் சேர வேண்டிய சொத்தையும் பணத்தையும் தவிர்த்து அறவீடு தொடரலாம். கியூபெக்கில் 1995 டிசம்பர் முதல் இப்பணத்தை அறவிட்டுத் தாயிடம் சேர்ப்பது மாகாண வருமான வரித் திணைக்களமாகும். மூன்று தவணைகள் தவறினாலோ நிலுவை 3,000 டொலரை எட்டினாலோ, மத்திய அரசின் சட்டப்படி கடவுச்சீட்டும் மறுக்கப்படலாம். ஊர்த் திருவிழாவுக்குப் பயணச்சீட்டு எடுத்து வைத்திருப்பவர் இதனை அறிந்திருப்பது நன்று.

எனினும், பிரிந்த துணைவருக்குரிய எல்லாக் கடனும் இவ்வாறு தப்பிவிடுவதில்லை. மனிற்றோபா மாகாணத்துப் பண்ணைக் குடும்பமொன்றின் வழக்கில் 2011இல் கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொத்துப் பிரிவினையில் மனைவிக்குச் சேர வேண்டிய 41,000 டொலருக்குச் சற்று மேற்பட்ட தொகை, கணவரின் வங்குரோத்தோடு அழிந்துபோனது. அது தாபரிப்பு அன்று, சமப்படுத்தும் கொடுப்பனவு என்பதே காரணம். பிரிவு உடன்படிக்கையில் எந்தத் தொகை எப்பெயரில் எழுதப்படுகின்றது என்பது வெறும் எழுத்து விவகாரம் அன்று என்பதை இவ்வழக்கு காட்டுகின்றது. பெரியவர்கள் கூடியிருந்து வாய்ப்பேச்சாக முடித்துவைக்கும் தொகையின் நிலை இன்னும் மோசமானது. நீதிமன்றக் கட்டளையோ எழுத்து உடன்படிக்கையோ இல்லாத இடத்தில் சட்டத்தின் இந்த அரண்களைத் தாய் நாடுவது மிகக் கடினம்.

இன்னொரு பொறியும் உண்டு. முழு வங்குரோத்துக்குப் பதிலாக, கடனின் ஒரு பகுதியை மட்டும் செலுத்துவதாகக் கடனாளி முன்மொழிவு செய்யலாம். தாபரிப்புக் கடனைக் குறைப்பதாக அம்முன்மொழிவு வெளிப்படையாகக் கூறி, அதனை ஏற்று அக்கடனுக்கு உரியவர் வாக்களித்தாலன்றி அக்கடன் அதனால் அழியாது. ஆகவே "குடும்ப மானம்" என்ற பெயரில் உறவினர் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும்போது, தாயொருத்தி தன் பிள்ளையின் உரிமையையே எழுதிக் கொடுக்க நேரிடலாம். சட்டத்தரணி ஒருவர் வாசித்துப் பார்க்கும்வரை அப்படிவம் மேசையிலேயே கிடக்கட்டும்.

உண்மையாகவே வருமானம் இழந்த தந்தைக்கு வழியே இல்லையா? உண்டு; ஆனால் அது வங்குரோத்து அலுவலகத்தில் இல்லை. தொகையை மீளாய்வு செய்யக் கோருவதே அவ்வழி. நிலைமை மாறியதைக் காட்டி நிலுவையிலிருந்து விடுபட கியூபெக் குடியியற் சட்டக் கோவையின் 596ஆம் உறுப்புரை இடமளிக்கின்றது. ஆனால் ஆறு மாதங்களுக்கு மேற்பட்ட நிலுவையாயின், மீளாய்வு கோருவது தமக்கு இயலாமற் போனதென அவர் நிறுவ வேண்டும். 2021இல் ஒன்ராறியோத் தந்தை ஒருவர் சுமார் 170,000 டொலர் நிலுவையைக் குறைக்கக் கோரியபோது, உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. வருமான விபரங்களை அவர் உரிய காலத்தில் வெளிப்படுத்தாமையே அவருக்கு எதிராக நின்றது. உணவகத்திலோ தொழிற்சாலையிலோ கைக்காசுக்கு வேலை செய்து, கணக்கில் வராத வருமானத்தை மறைத்துவிட்டு, பின்னர் வறுமை பேசுவோருக்கு அத்தீர்ப்பு நல்ல வாசிப்பாக அமையும்.

கியூபெக்கில் 2014 முதல் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு நீதிமன்றம் செல்லாமலே பிள்ளைத் தாபரிப்பை மீளக் கணிக்கும் சேவையும் இயங்குகின்றது. சட்ட உதவிக்குத் தகுதியுடையோருக்கு அது இலவசம். வேலை போன மாதத்திலேயே அங்கே விண்ணப்பிக்கும் தந்தைக்கு, நிலுவை மலையாகக் குவிந்த பின்னர் வங்குரோத்தைத் தேடி அலைய வேண்டிய நிலை பெரும்பாலும் வராது.