மாசி வீதியும் மலைநாட்டு ரொட்டியும்

மதுரை மாநகர் உணவுக்குப் பெயர்பெற்றது இன்று நேற்றன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பகலில் விளங்கிய நாளங்காடியையும் இரவில் விளங்கிய அல்லங்காடியையும் வருணித்து, மோதகமும் அடையும் விற்போரையும் நமக்குக் காட்டுகின்றது. ஏட்டில் வைத்து மாணவர்க்குக் கற்பித்த அவ்வூரைக் கண்ணாற் காணும் பேறு சென்ற ஆண்டு விடுமுறையில் எமக்குக் கிட்டியது.

மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்து சித்திரை, ஆவணி மூலம், மாசி எனத் திங்கட்பெயர் தாங்கிய வீதிகள், நாயக்கர் காலத்து நகரமைப்பை இன்றும் நினைவூட்டுகின்றன. இரவு முதிர்ந்த வேளையிலும் கடைகளில் இட்டலியின் ஆவி பறக்கின்றது. விளக்குத்தூண் அருகே பாலும் பாதாம் பிசினும் நன்னாரிப் பாகும் கலந்த சிகர்தண்டா. தெருமுனைத் தள்ளுவண்டியிற் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சும் இப்பானம் எளியோர் உணவே. எனினும் விற்பவரும் நாணவில்லை, பருகுபவரும் நாணவில்லை. மதுரையின் பெருமைகளுள் ஒன்றாகவே அதனைப் போற்றுகின்றனர்.

அங்கு நின்றபோது எம் நெஞ்சம் பட்டிப்பொலவை நாடியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில், மதுரைச் சீமையிலிருந்தும் பசியாற் கடல் கடந்தோர் பலர். யாம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விமானத்திற் கடந்த வழியை, அவர்கள் தோணியிலும் கால்நடையாகவும் கடந்தனர். வழியிலேயே மாண்டோரும் பலர். வந்த இடத்திலும் பசி விடவில்லை. 1974ஆம் ஆண்டளவில் தோட்டங்களிற் பட்டினியால் உயிர்கள் மடிந்தன. பங்கீட்டிற் கிடைத்த கோதுமை மாவைத் தேங்காய்ப்பூவுடன் பிசைந்து, விடியுமுன் எம் தாய்மார் சுட்ட ரொட்டியே எம்மை வளர்த்தது.

அந்த ரொட்டியை இடைவேளையிற் புத்தகப்பைக்குள் மறைத்து உண்ணும் பிள்ளைகளை இன்றும் காண்கின்றோம். கல்லூரி நாளில் யாமும் அவ்வாறே மறைத்தோம். அன்று மறைத்தது ரொட்டியை அன்று. விடியுமுன் எழுந்த தாயின் உழைப்பை என்பதை மாசி வீதி எமக்கு உணர்த்திற்று. உணவின் பெருமை அதன் விலையில் இல்லை. உண்போர் அதனை மதிப்பதில் இருக்கின்றது.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். விழா விருந்தில் வடை பாயசத்தோடு ரொட்டியும் சம்பலும் இலையில் இடம்பெறட்டும். மூத்தோர் நாணமின்றி உண்பதைக் கண்டால், இளையோர் தம் பொட்டலத்தை மேசைமீது விரிப்பர் என்பது எம் துணிபு.