காற்றுக்குத் தாரை வார்க்கும் பணம்

கானடாவின் ரெஜைனா நகரத்தில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழ் 30 டிகிரிக்கும் இறங்குவதுண்டு. அங்கே 1977-ம் வருஷத்தில் மாகாண சர்க்காரின் ஆதரவில், ஹெரால்டு ஆர் முதலிய நிபுணர்கள் உஷ்ண உலையே இல்லாத வீடொன்றை அமைத்தார்கள். கனத்த சுவர்களுக்குள் பிளாஸ்டிக் விரிப்பிட்டு, காற்றுக் கசியும் இடுக்குகளையெல்லாம் அடைத்தார்கள். மூச்சு முட்டாதோ என்பார்க்கு விடையும் அங்கேயே இருந்தது: வெளியேறும் காற்றின் உஷ்ணத்தை உட்புகும் சுத்தக் காற்றுக்கு மாற்றித் தரும் கருவி. விலையுயர்ந்த சூரிய உஷ்ண யந்திரங்கள் பின்னர் கழற்றப்பட்டன. அடைத்த சுவர்களோ நின்று பயன் தந்தன. ஜெர்மானியர் இதைக் கற்று, 1991-ல் டார்ம்ஸ்டாட்டில் தம் வீடுகளை எழுப்பினர்.

யந்திரமென்றால் திறப்பு விழா நடத்தலாம். இடுக்கை அடைப்பதற்கு யார் மாலை போடுவார்? குளிர்தேசத்து வாடகை வீட்டு ஏழையின் கூலிப்பணம் அவ்விடுக்கின் வழியே போய்க்கொண்டிருக்கிறது. பழைய வீடுகளை விசிறி வைத்துச் சோதித்து அடைக்கும் செலவை அந்நாட்டுச் சர்க்கார்கள் முதலில் ஏற்கவேண்டுமென்கிறோம்.